இடிதாங்கிக்குத் தனி எர்த் குழியா, தூண் கம்பியா?

கேள்வி: ஐயா, வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் சொந்த இடத்தில் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கிறோம். கீழே கடைகள், மேலே மூன்று மாடி வீடுகள். நீளம் 24 மீட்டர், அகலம் 15 மீட்டர், மொட்டை மாடி வரை உயரம் 13 மீட்டர். ஃபுட்டிங் கம்பி கட்டி முடித்தாயிற்று, அடுத்த வாரம் கான்கிரீட். எங்கள் ஊரில் கோடை மழையிலும் ஐப்பசியிலும் இடி பலமாக இருக்கும் என்பதால் இடிதாங்கி பற்றி விசாரித்தோம். விற்க வந்தவர், மாடியில் ஒரே ஒரு கருவி, அதிலிருந்து ஒரே ஒரு செம்புப் பட்டை, அதற்குத் தனியாக ஓர் எர்த் குழி போதும் என்கிறார். அந்தக் குழியை வீட்டு எர்த்தோடு எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாதாம். எங்கள் இன்ஜினியர், தூண் கம்பியையே இதற்குப் பயன்படுத்தலாம் என்று படித்ததாகச் சொல்கிறார். வயரிங் வேலை செய்பவரோ, தூணுக்குள் இடியை விட்டால் கான்கிரீட் வெடித்துவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? பக்கத்திலேயே 1994இல் அப்பா கட்டிய இரண்டு மாடி வீடும் இருக்கிறது. அதற்கும் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 'அடுத்த வாரம் கான்கிரீட்' என்ற இடம்தான். இந்த மாதிரிக் கேள்விகள் பெரும்பாலும் பெயின்ட் அடித்து, கிரகப்பிரவேசம் முடித்து, முதல் மழையில் டிவி போன பிறகுதான் வரும். கையில் ஒரு வாரம் இருக்கிறது, அது போதும். கான்கிரீட் போட்ட பிறகு எவ்வளவு செலவழித்தாலும் இதே தரத்தில் இந்த வேலையைச் செய்ய முடியாது.

இன்ஜினியர் படித்தது சரி. வயரிங் செய்பவரின் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். விற்க வந்தவரின் 'தனி எர்த்' யோசனையை மட்டும் தயவுசெய்து ஏற்காதீர்கள். மூன்றிலும் ஆபத்தானது அதுதான்.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போடலாம். நம் நாட்டில் இப்போது மின்னல் பாதுகாப்புக்கு நடப்பில் உள்ள தரம் ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305. பழைய ஐ.எஸ். 2309ஐ இன்னும் மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு, ஆனால் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் 62305 பக்கம்தான் நிற்கிறது. அந்தத் தரம் பாதுகாப்பை நான்கு நிலையாகப் பிரிக்கிறது. எந்த நிலை வேண்டும் என்பதை அதன் இரண்டாம் பாகத்தில் உள்ள இடர்க் கணக்கைப் போட்டு முடிவு செய்ய வேண்டும். உங்கள் கட்டடத்துக்கு மூன்றாம் நிலை என்று வைத்துக்கொண்டு பேசுகிறேன். அந்த நிலையில் முதல் மின்னலுக்கு 100 கிலோ ஆம்பியர் என்று கணக்கு. அது 10 மைக்ரோ விநாடியில் உச்சத்துக்கு ஏறும்.

ஒரு மீட்டர் கம்பிக்குத் தோராயமாக ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டல் உண்டு. இவ்வளவு வேகமாக ஏறும் மின்னோட்டத்துக்கு அந்தத் தூண்டலே தடையாக நிற்கும். மீட்டருக்கு 10,000 வோல்ட் வரும். 13 மீட்டர் உயரத்துக்கு ஒரே ஒரு பட்டை இறக்கினால், அதன் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இடையில் 1,30,000 வோல்ட். இது முதல் அடிக்கு மட்டும். அதே தடத்தில் தொடர்ந்து வரும் அடிகளில் மின்னோட்டம் குறைவு, 25 கிலோ ஆம்பியர்தான். ஆனால் கால் மைக்ரோ விநாடியில் ஏறிவிடும் என்பதால் மீட்டருக்கு ஒரு லட்சம் வோல்ட் ஆகிறது. கவனியுங்கள், இந்தக் கணக்கில் எர்த் குழியின் ஓம் எங்குமே வரவில்லை. குழி பூஜ்ய ஓம் என்றே வைத்துக்கொண்டாலும் இந்த வோல்ட் வந்தே தீரும். பட்டை செம்பா இரும்பா என்பதும் இதில் பெரிய வித்தியாசம் செய்யாது.

அந்தப் பட்டை எங்கே ஓடும்? உங்கள் சுவரை ஒட்டி. சுவருக்கு அந்தப் பக்கம் தூண் கம்பி, வயரிங் பைப், ஏ.சி.யின் செம்புக் குழாய். இவை எதற்கும் மின்னல் பாயாமல் இருக்க எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கண்டுபிடிக்கத் தரத்தின் மூன்றாம் பாகத்தில் ஒரு சூத்திரம் இருக்கிறது. மூன்றாம் நிலை, ஒற்றை இறக்கம் (மாடியிலிருந்து பூமிக்கு ஒரே ஒரு பாதை), 13 மீட்டர், இடையில் செங்கல்லோ கான்கிரீட்டோ என்று போட்டால் மாடி மட்டத்தில் 1.04 மீட்டர் வருகிறது. உங்கள் சுவர் ஒன்பது அங்குலம். ஆகவே மின்னல் பட்டையிலிருந்து தூண் கம்பிக்குத் தாவும். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உங்கள் தூண் கம்பி இடிதாங்கியின் பகுதியாகிவிடும். நாமே ஒழுங்காக இணைத்து அனுப்புகிறோமா, அது சுவரை உடைத்துக்கொண்டு போய்ச் சேருகிறதா என்பதுதான் நம் கையில் இருக்கிறது. தூண், பீம், ஸ்லாப் கம்பிகள் எல்லாம் தொடர்ச்சியாக இணைந்த கட்டடத்துக்கு இந்த இடைவெளி தேவையே இல்லை என்று அதே தரம் சொல்கிறது. கம்பிக்கூட்டை இடிதாங்கியோடு சேர்ப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

சரி, கான்கிரீட் வெடிக்குமா? கம்பி சூடாகி வெடிக்கும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. தரத்தில் வெப்பக் கணக்கு அட்டவணையே இருக்கிறது. மிகக் கடுமையான முதல் நிலை மின்னல், அதாவது 200 கிலோ ஆம்பியர், முழுவதும் 100 ச.மி.மீ. குறுக்குப் பரப்புள்ள ஒற்றை இரும்புக் கம்பி வழியாகப் போனால்கூட வெப்பம் 37 டிகிரிதான் ஏறும். 12 மி.மீ. கம்பியின் பரப்பே 113 ச.மி.மீ. உங்கள் தூண் ஒவ்வொன்றிலும் அதைவிடத் தடித்த கம்பிகள் பல இருக்கும், மின்னோட்டமும் எல்லாத் தூணுக்கும் பிரிந்து போகும்.

கான்கிரீட் பெயரும் இடங்கள் வேறு. மாடியில் இடிதாங்கி இல்லாமல், கைப்பிடிச் சுவரின் மூலையில் மின்னல் நேரே விழுந்து, உள்ளே இருக்கும் கம்பியைத் தேடிக் கான்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு போகும்போது அங்கிருக்கும் ஈரம் ஒரே நொடியில் ஆவியாகி அந்தத் துண்டைத் தூக்கி எறியும். இரண்டு கம்பிகள் தொடாமல் இடைவெளி விட்டிருந்து நடுவில் தீப்பொறி தாவினாலும் அப்படித்தான். வயரிங் செய்பவர் எங்கோ இப்படிப் பெயர்ந்த தூணைப் பார்த்திருக்கலாம். இணைக்காமல் விட்டதால் வந்த சேதம் அது. இணைத்துவிட்டால் கான்கிரீட்டைத் துளைக்க வேண்டிய அவசியமே மின்னலுக்கு இல்லை. ஒரு விதிவிலக்கு: முன்இறுக்கக் கம்பி (முன்கூட்டியே இழுத்து விறைப்பாக்கிய கம்பி) போட்ட ஸ்லாபோ பீமோ உங்கள் கட்டடத்தில் இருந்தால் அந்தக் கம்பியைத் தொடவே கூடாது. சாதாரண ஆர்.சி.சி. என்றால் கவலை இல்லை.

இப்போது தனி எர்த் விவகாரம். 100 கிலோ ஆம்பியர் 10 ஓம் குழிக்குள் இறங்கினால் அந்தக் குழியின் மின்னழுத்தம் பத்து லட்சம் வோல்ட் உயரும். சிரமப்பட்டு 2 ஓமுக்குக் கொண்டுவந்தாலும் இரண்டு லட்சம். வீட்டு எர்த் சில மீட்டர் தள்ளி, கிட்டத்தட்ட பூஜ்யத்தில் உட்கார்ந்திருக்கும். ஒரே கட்டடத்துக்குள் இப்படி இரண்டு எர்த் இருந்தால் நடுவில் மாட்டிக்கொள்வது கேமரா பெட்டியும் மோட்டார் ஸ்டார்ட்டரும், சில சமயம் ஒரு கையில் குழாயையும் மறு கையில் சுவிட்சையும் தொடும் ஆளும்தான். எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டால், ஆற்றில் தண்ணீர் ஏறும்போது படகில் உள்ள சாமான்கள் எல்லாம் சேர்ந்தே ஏறுவதுபோலக் கட்டடத்தில் உள்ள அத்தனை உலோகமும் ஒன்றாக உயரும். அவற்றுக்குள் வித்தியாசம் இருக்காது. ஓம் குறைவாக இருப்பது நல்லதுதான், தரமும் 10 ஓமுக்குக் கீழே இருக்கட்டும் என்று பரிந்துரைக்கிறது. ஆனால் '1 ஓம் வரும்வரை குழி தோண்டு' என்று செலவழிக்கும் பணத்தில் பாதியை இணைப்புகளில் போட்டால் பலன் அதிகம். நான் போய்ப் பார்த்த ஒரு மண்டபத்தில் இடிதாங்கிக் குழி ஒரு ஓமுக்கும் கீழே இருந்தது, சான்றிதழைச் சட்டம் போட்டே மாட்டியிருந்தார்கள். இரண்டு வருடத்தில் மூன்று முறை கேமரா பெட்டி எரிந்திருந்தது. வீட்டு எர்த் தனியாகக் கிடந்தது.

அஸ்திவாரக் கம்பி எர்த்தாக வேலை செய்யுமா, கான்கிரீட் மின்சாரத்தைக் கடத்துமா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். காரத்தன்மை வேறு. இரண்டும் சேர்ந்து நன்றாகவே கடத்தும். இதை நடைமுறையில் காட்டியவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஹெர்பர்ட் யூஃபர். இரண்டாம் உலகப் போரின்போது அரிசோனா மாநிலத்தில் ராணுவ வெடிகுண்டுக் கிடங்குகளுக்கு மின்னல் பாதுகாப்பு தேவைப்பட்டது. வறண்ட பூமி, தண்ணீர்க் குழாய் எர்த்துக்கு வழியில்லை. அஸ்திவாரக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையே எர்த்தாக்கினார். இருபது வருடம் கழித்து, 1960களில், திரும்ப அளந்து பார்த்தபோதும் நன்றாக இருந்தது. அமெரிக்க மின்வேலைக்காரர்கள் இன்றும் 'யூஃபர் எர்த்' என்றே சொல்கிறார்கள்.

உங்கள் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். உங்கள் இடம் செம்புறாங்கல் பூமியாக இருந்தால், அல்லது கொஞ்சம் தோண்டினாலே பாறை வருகிறது என்றால், மூன்று மீட்டர் ராடு அடித்து என்ன கிடைத்துவிடப் போகிறது? வெறும் பாறை நிலத்தில் அஸ்திவார எர்த்தோ சுற்று எர்த்தோதான் சரி என்று தரமும் சொல்கிறது. உப்பும் கரியும் போட்டு எர்த் குழியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பதெல்லாம் நாலு மழைக்குத் தாங்காது. உப்பு கரைந்து போகும், போவதற்கு முன் குழாயை அரித்துவிட்டுப் போகும்.

இனி இந்த வாரம் செய்ய வேண்டியது. கட்டடத்தின் சுற்றளவு 78 மீட்டர். மூன்றாம் நிலைக்கு 15 மீட்டருக்கு ஓர் இறக்கம் என்றால் ஆறு இறக்கம் வேண்டும். நான்கு மூலைத் தூண்கள், நீளப் பக்கங்களின் நடுவில் இரண்டு தூண்கள். இந்த ஆறு தூணிலும் ஃபுட்டிங் கம்பிவலையிலிருந்து மொட்டை மாடி வரை 10 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) உருளைக் கம்பி ஒன்றைத் தனியாக ஓட்டுங்கள். இன்ஜினியரிடம் சொல்லி, தூணின் பிரதான கம்பியில் வெல்டிங் வைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். முறுக்குக் கம்பி என்று நாம் சொல்லும் டி.எம்.டி. கம்பியின் பலத்தில் பெரும் பங்கு அதன் வெளிப்புறக் கெட்டித் தோலில் இருக்கிறது, வெல்டிங் சூடு அதைக் கெடுக்கும். அதற்காகத்தான் இந்தத் தனிக் கம்பி. அதற்குச் சுமை கிடையாது, ஆகவே அதன் இணைப்புகளை வெல்டிங் வைத்தாலும் கேடில்லை. பிரதான கம்பியோடு சேர்க்க கிளாம்ப் போதும்.

'கட்டுக்கம்பியால்தான் எல்லாம் கட்டியிருக்கிறதே, அது போதாதா' என்று மேஸ்திரி கேட்பார். ஒரு கட்டடத்தில் பல்லாயிரம் கட்டு இருக்கும், மின்னோட்டம் அத்தனை வழியிலும் பிரிவதால் மொத்தத்தில் கட்டுக்கம்பியும் வேலை செய்யத்தான் செய்யும். செங்குத்துக் கம்பிகள் விட்டத்தைப் போல் 20 மடங்கு நீளத்துக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால் தரம் அதை இணைப்பாகவே ஏற்கிறது. நம் மேஸ்திரிகள் பலத்துக்காக விடும் லேப் அதைவிட நீளம். ஆனாலும் வெளியே எடுக்கப்போகும் முனைகளுக்கும், நான் சொன்ன ஆறு இறக்கங்களுக்கும் கட்டுக்கம்பியை நம்பாதீர்கள். கிளாம்ப் போடுங்கள்.

கீழே, இந்த ஆறு தூணையும் பிளிந்த் பீம் (தரை மட்டத்து பீம்) வழியாக அதே 10 மி.மீ. கம்பியால் ஒரு முழு வளையமாகச் சுற்றி இணைக்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு ஓர் இடத்தில் பீம் கம்பியோடு கிளாம்ப். குறுக்கே நடுவில் ஒரு கோடு இழுத்தால் இன்னும் நல்லது. எல்லா இடத்திலும் கம்பியைச் சுற்றி 50 மி.மீ. கான்கிரீட் இருக்கட்டும். ஃபுட்டிங்குக்கு அடியிலோ பக்கவாட்டிலோ பிளாஸ்டிக் ஷீட், தார்ப் பூச்சு ஏதாவது போடுகிறார்களா என்று பாருங்கள். போட்டால் மண்ணோடு தொடர்பு அறுந்துவிடும், அஸ்திவாரம் எர்த்தாக இருக்காது. கம்பிக்கு எபாக்சி பூச்சு போட்டிருந்தாலும் அதே கதை: கம்பியும் கம்பியும் உலோகத்தோடு உலோகம் தொடாது. இந்த இரண்டில் எது இருந்தாலும் கட்டடத்தைச் சுற்றி, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அரை மீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் வெறும் செம்புக் கம்பியால் ஒரு வளையம் புதைக்க வேண்டியதுதான்.

இங்கே பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கான்கிரீட்டின் காரத்துக்குள் இருக்கும் இரும்பு, மின்வேதியியல் கணக்கில் இரும்பாக நடந்துகொள்ளாது, ஏறக்குறைய செம்பு மாதிரி நடந்துகொள்ளும். மண்ணில் புதைத்த ஜி.ஐ. குழாயை அதோடு இணைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும். அரிபடுவது மண்ணில் இருக்கும் ஜி.ஐ. முதலில் துத்தநாகப் பூச்சு போகும், அப்புறம் குழாயே போகும். அஸ்திவாரக் கம்பியின் பரப்பு மிகப் பெரியது, குழாயின் பரப்பு சிறியது என்பதால் அரிப்பு வேகமாகவே நடக்கும். 'கம்பியோடு சேர்த்தால் எர்த் குழாய் துருப்பிடிக்கிறது, அதனால் சேர்க்காதே' என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பியது. அனுபவம் உண்மை, எடுத்த முடிவு தவறு. மண்ணுக்குள் போகும் எதையும் ஜி.ஐ.யில் போடாமல் செம்பிலோ, 250 மைக்ரான் செம்புப் பூச்சுள்ள ராடிலோ, துருப்பிடிக்காத எஃகிலோ போட்டால் பிரச்சினை முடிந்தது. ஜி.ஐ. கான்கிரீட்டுக்குள் மட்டும் இருக்கட்டும். கான்கிரீட்டிலிருந்து வெளியே எட்டிப் பார்க்கும் முனைகளும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். அலுமினியத்தைக் கான்கிரீட்டுக்குள் புதைக்கவே கூடாது, காரம் அதைத் தின்றுவிடும்.

ஒவ்வோர் இறக்கத் தூணிலும் தரை மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு முனையும் மொட்டை மாடியில் ஒரு முனையும் வெளியே வர வேண்டும். இவை தவிர மெயின் போர்டு வரப்போகும் இடத்தில் ஒன்று, லிஃப்ட் இருந்தால் அதன் குழியில் ஒன்று, மின் கேபிள் ஏறும் ஷாஃப்டில் மாடிக்கு ஒன்று. இதற்கென்றே திருகு நட்டு பொருத்திய எஃகுத் தட்டு கிடைக்கிறது, சென்ட்ரிங் பலகையோடு ஒட்டி வைத்தால் பலகை பிரித்ததும் சுவர் மட்டத்தில் தெரியும். எங்கே வைத்தோம் என்று பூச்சு வேலை முடிந்ததும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆகவே கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு கிளாம்ப்பையும், பக்கத்தில் டேப் வைத்து, போட்டோ எடுத்துவிடுங்கள். செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

ஒவ்வொரு தளம் முடிந்ததும் மேல்முனைக்கும் தரை மட்டத்துக்கும் இடையில் அளந்து பார்க்க வேண்டும். 0.2 ஓமுக்கு மேல் போகக் கூடாது. சாதாரண மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், அந்த மீட்டரின் ஒயரே அவ்வளவு ஓம் காட்டும். 10 ஆம்பியர் அளவில் மின்னோட்டம் செலுத்தி, நான்கு ஒயர் முறையில் அளக்கும் மைக்ரோ ஓம் மீட்டர் வேண்டும்.

மாடிக்கு வருவோம். மூன்றாம் நிலைக்கு வலைக் கண்ணி 15 மீட்டருக்கு 15 மீட்டர். உங்கள் மாடி 24க்கு 15. ஆகவே கைப்பிடிச் சுவரின் மேலே சுற்றிலும் ஒரு கோடு, நடுவில் குறுக்கே ஒன்று. படிக்கட்டு அறையும் தண்ணீர்த் தொட்டியும் எல்லாவற்றுக்கும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், அவற்றின் மேல் நிமிர்ந்த கம்பிகள் வேண்டும். இந்த வலையை ஆறு முனைகளிலும் தூண் கம்பியோடு இணைத்தால் மேல் வேலை முடிந்தது. சுர்க்கி (செங்கல்தூள்) போட்டுத் தட்டோடு பதித்த தரையைத் துளைக்காதீர்கள். பட்டை தாங்கச் சின்னக் கான்கிரீட் கட்டைகள் கிடைக்கின்றன. இடிதாங்கி வேலைக்குப் பிறகு ஒழுக ஆரம்பித்த மாடிகள் ஏராளம்.

விற்க வந்தவரின் கருவி, முன்கூட்டியே பொறி விட்டு மின்னலை இழுக்கும் என்று சொல்லப்படும் வகையாக இருக்க வேண்டும். நூறு மீட்டர் சுற்றுவட்டத்தைக் காக்கும் என்றும் சொல்லியிருப்பார். அதற்குப் பிரான்ஸ் நாட்டுத் தரம் ஒன்று உண்டு, என்.எஃப்.சி. 17-102. ஆனால் 62305 அந்தக் கூடுதல் சுற்றுவட்டத்தை ஏற்பதில்லை. மேலே நிற்கும் உலோகத்தின் உண்மையான உயரம், அகலம் இவற்றை மட்டும் கணக்கில் எடு என்கிறது. அந்தக் கருவியின் விலைக்கு உங்கள் மாடி வலை முழுவதையும் போட்டு மிச்சமும் பிடிக்கலாம் என்றே நினைக்கிறேன். கோபுரக் கலசம்தான் ஊருக்கே இடிதாங்கி என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இதே வகை நம்பிக்கைதான். கலசத்திலிருந்து பூமிக்கு உலோகப் பாதை இல்லாத வரை, மின்னல் விழ அது ஓர் உயரமான இடம், அவ்வளவே.

உள்ளே மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு பொது எர்த் பார் வையுங்கள். அஸ்திவார முனை, மின் இணைப்பின் எர்த், இரும்புத் தண்ணீர்க் குழாய், லிஃப்ட் தண்டவாளம், போர்வெல்லின் இரும்புக் கேசிங், ஜெனரேட்டர், சோலார் சட்டம் எல்லாம் அதில் வந்து சேர வேண்டும். பாரிலிருந்து அஸ்திவாரத்துக்குப் போகும் இணைப்பு செம்பானால் 16 ச.மி.மீ., இரும்பானால் 50 ச.மி.மீ.க்குக் குறையாமல். நேரடியாக இணைக்க முடியாதவை மின்சாரம் ஓடும் ஒயர்கள் மட்டுமே. அவற்றுக்குச் சர்ஜ் அரெஸ்டர் (திடீரென ஏறும் மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பும் கருவி). கட்டடத்தில் விழும் மின்னலில் பாதி பூமிக்கும் பாதி வெளியே போகும் லைன்களுக்கும் போகும் என்பது தரத்தின் பொதுக் கணக்கு. 100 கிலோ ஆம்பியரில் பாதி 50, அது மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல் என நான்கு ஒயருக்குப் பிரிந்தால் ஆளுக்கு 12.5 கிலோ ஆம்பியர். ஆகவே மெயின் போர்டில் முதல் வகை அரெஸ்டர், 10/350 அலைவடிவில் (10 மைக்ரோ விநாடியில் உச்சத்துக்கு ஏறி, 350இல் பாதியாக இறங்கும் மின்னோட்டம்) ஒயருக்கு 12.5 கிலோ ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கடையில் '40 கிலோ ஆம்பியர்' என்று பெரிதாகப் போட்டு விலை குறைவாகக் கொடுப்பது பெரும்பாலும் 8/20 அலைவடிவில் சோதித்த இரண்டாம் வகை. எண் பெரிது, தாங்கும் சக்தி குறைவு. அது ஒவ்வொரு மாடியிலும் உள்ள மின்பகிர்வுப் பெட்டிகளுக்குப் (டி.பி.) போதும், மெயினுக்கு ஆகாது. கேபிள் டிவி, இன்டர்நெட், கேமரா லைன்களுக்கும் தனித்தனியாக வேண்டும்.

அப்பாவின் வீடு. 1994இல் கட்டியது என்றால் உள்ளே கம்பி தொடர்ச்சியாக இருக்கிறதா என்று யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, அளந்துதான் பார்க்க வேண்டும். மாடியில் ஒரு மூலைத் தூணையும் கீழே அதே தூணையும் உள்ளங்கை அளவு கொத்தி, கம்பியை வெளியே எடுத்து, அதே மைக்ரோ ஓம் மீட்டர். எல்லா மூலைகளிலும் 0.2 ஓமுக்குள் வந்தால் அந்தக் கம்பியையே பயன்படுத்தலாம். வராவிட்டால் நான்கு மூலையிலும் வெளியே பட்டை இறக்குங்கள். இறக்கிவிட்டு, கம்பியை மறந்துவிடாதீர்கள்: மாடி மட்டத்திலும் தரை மட்டத்திலும் அந்தப் பட்டைகளைத் தூண் கம்பியோடு இணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன தாவல் இங்கே நடக்கும். மண்ணுக்குள் சுற்றி ஒரு செம்பு வளையம்.

பழைய வீட்டில் இன்னொரு கவனம் தேவை. வெளியே தெரியும் பட்டையிலிருந்து மூன்று மீட்டருக்குள் மழை நேரத்தில் யாராவது ஒதுங்கி நின்றால் ஆபத்து. திண்ணையோ, வண்டி நிறுத்தும் இடமோ இருக்கும் மூலையைத் தவிர்த்துவிட்டு இறக்குங்கள். தவிர்க்க முடியாவிட்டால் ஆள் கைக்கு எட்டும் உயரம் வரை மூன்று மி.மீ. தடிமனுள்ள குறுக்கிணைப்பு பாலிஎத்திலீன் உறை வேண்டும். பி.வி.சி. பைப்பை மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். காலடியில் 15 செ.மீ. ஜல்லி பரப்பினாலோ 5 செ.மீ. தார் போட்டாலோ இன்னும் பாதுகாப்பு.

கடைசியாக, இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் மோட்டார் லைனோ இன்டர்நெட் ஒயரோ போகும் என்றால் இரண்டு எர்த்தையும் மண்ணுக்குள் செம்புக் கம்பியால், முடிந்தால் இரண்டு பாதையில், சேர்த்துவிடுங்கள். அதற்கான முனை புதிய கட்டடத்தின் அந்தப் பக்கத்து பிளிந்த் பீமில் இருக்க வேண்டும். இன்ஜினியரிடம் இன்றே சொன்னால்தான் அதுவும் கான்கிரீட்டுக்கு முன் வரைபடத்தில் ஏறும்.